ஏரியில் குடியேறுவது எப்படி?

சென்னையில் வீடு தேடி அலைகிறவர்களுக்கு ஓர் இலவச ஆலோசனை. புரோக்கர் கமிஷன் கிடையாது. பத்திரச் செலவு மட்டும் உங்களுடையது. இந்த ஊரில் இடம் வேண்டுமென்றால் தண்ணீர் நின்ற இடமாகப் பாருங்கள். மேட்டிலெல்லாம் பழைய ஆட்கள் எப்போதோ உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளத்தைத்தான் நமக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்கு ஏரி, தாங்கல், குட்டை, ஓடை, கழுவெளி என்று விதவிதமாகப் பெயர் வைத்தார்கள். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று ஊர்ப் பெயரிலேயே எழுதியும் வைத்தார்கள். அதையெல்லாம் பொருட்படுத்த வேண்டாம். பாவம், அவர்களுக்குச் சதுர அடி விலை தெரியாது.

ஆனால் தண்ணீரில் குடியேறவும் ஒரு முறை இருக்கிறது. முறை தெரியாமல் இறங்கியவர்கள் இன்று ஊரைவிட்டு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறார்கள். முறை தெரிந்தவர்கள் சொத்து வரி கட்டிக்கொண்டு, நலச்சங்கத்துக்குத் தலைவராகி, ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி மாநகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பாடங்களைக் கவனமாகப் படியுங்கள்.

பாடம் 1: சின்னதாக ஆக்கிரமிக்காதே

கூவம் கரையில் நாலு மூங்கில் நட்டு, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டினால் அது ஆக்கிரமிப்பு. பத்துக்குப் பத்து இடம். அதற்குள் ஒரு தையல் மிஷின், ஒரு கேஸ் அடுப்பு, பிள்ளையின் புத்தகப் பை, சுவரில் அம்பேத்கரோ வேளாங்கண்ணி மாதாவோ. இந்தப் பத்துக்குப் பத்துதான் ஆற்றின் ஓட்டத்தைத் தடுக்கிறது, நகரத்தின் அழகைக் கெடுக்கிறது, வெள்ளத்துக்குக் காரணமாகிறது. அகற்றியே ஆக வேண்டும்.

இப்போது கொஞ்சம் தெற்கே வாருங்கள். அடையாறு ஆற்றின் மேலேயே பாலம் போட்டு, அதன்மேல் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளத்தை நீட்டியிருக்கிறார்கள். கரையில் குடிசை இருந்தால் குற்றம். ஆற்றின் தலைமேல் விமானம் இறங்கினால் உள்கட்டமைப்பு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அடையாறு தன் பழைய விலாசத்தைத் தேடி வந்தது. விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகளை ஏற்றி அனுப்பினார்கள். அப்போது நாமெல்லாம் செய்தியில் கேட்டது என்ன? விமான நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஆறு அத்துமீறி நுழைந்துவிட்டதாம். அது அத்தனை காலமாக அங்கேதான் இருந்தது என்று எவனும் சொல்லவில்லை. அந்த வெள்ளம் மனிதர் வரவழைத்த பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறையே பின்னால் அறிக்கை எழுதியது. அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைத்தார்கள். வைத்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

பக்கிங்காம் கால்வாய்க்கு வாருங்கள். ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போன வழி. பறக்கும் ரயில் வேண்டும் என்றபோது நிலம் வாங்கக் காசு செலவாகுமே என்று யோசித்த அரசு, கால்வாய்க்குள்ளேயே தூணை இறக்கிவிட்டது. 1997-ல் கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் கான்கிரீட் கால்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றிக் குப்பையும் சேறும் அடைந்து கிடக்கின்றன. எந்தத் தூணுக்கும் இதுவரை நோட்டீஸ் போகவில்லை.

நோட்டீஸ் வேறு இடத்துக்குப் போனது. 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் இளங்கோ தெருவில், அதே கால்வாயின் ஓரத்தில் தலைமுறைகளாக இருந்த வீடுகளை இடித்தார்கள். இடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன் மேல் தீ வைத்துக்கொண்டு இறந்தார். அதற்குப் பிறகுதான் இயந்திரம் நின்றது. அதற்குப் பிறகுதான் சட்டமன்றத்தில் இரங்கலும், நிவாரணத் தொகையும், நகருக்குள்ளேயே மாற்று வீடு என்ற உறுதியும் வந்தன. ஜேசிபியை நிறுத்த இந்த நகரத்தில் என்ன விலை என்று அன்றைக்குத் தெரிந்தது.

பாடம் 2: அரசாங்கம் நடந்த வழியில் நட

உங்களுக்குக் குற்ற உணர்ச்சி வருகிறதா? வேண்டாம். உங்களுக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகரைப் போட்டார்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் மூச்சுவிட இடமில்லாமல் தள்ளப்படும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் நிற்கும் பக்கமெல்லாம் ஒருகாலத்துத் தண்ணீர்ப் பக்கம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் வேட்டிதான் தெரியும்.

நுங்கம்பாக்கத்தில் ஏரிப் பகுதி என்றே ஒரு பேட்டை. அந்த ஏரிப் படுகையில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழும்பியது. நீரின் பெருமை பேச ஓர் அதிகாரமே ஒதுக்கிய மனிதருக்கு, நீர் நின்ற இடத்தைத் தூர்த்து நினைவகம் எழுப்பிய அறிவு உலகத்தில் வேறு எந்த ஊருக்கு வரும்? முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் ஒளிவுமறைவே வைத்துக்கொள்ளவில்லை. திட்டத்தின் பெயரே ஏரித் திட்டம். அந்த நேர்மையை மட்டும் பாராட்டியே ஆக வேண்டும். தனியார் பில்டராக இருந்தால் அதற்கு ஏதாவது ஸ்பானிய மொழிப் பெயர் வைத்து, நுழைவாயிலில் ஒரு செயற்கை நீரூற்று வேறு வைத்திருப்பான். இயற்கையான தண்ணீரை மூடிவிட்டு மின்மோட்டார் போட்டுத் தண்ணீர் பீய்ச்சுவதற்குத்தான் வசதிகள் என்று பெயர். அதற்குத் தனியாகச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குவான்.

பாடம் 3: முதலில் கட்டு, பிறகு கழுவு

மனை பார்க்கப் போனால் புரோக்கர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். "சார், ஏரியெல்லாம் அந்தக் காலம். இப்ப எங்க சார் தண்ணி வருது? லைட்டா பள்ளம், அவ்ளோதான். ரோட்ட விட நாலடி ஏத்திக் கட்டிட்டீங்கன்னா மேட்டர் ஓவர். பேங்க்லயே லோன் குடுக்குறான் சார், அவன் என்ன முட்டாளா?"

அவன் முட்டாள் இல்லை. வங்கிக்கு வேண்டியது மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரைபட அனுமதி. தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடும் என்பதற்கு வில்லங்கச் சான்று போட முடியாது. மழை வந்து வாசலில் நிற்கும்போது வில்லங்கம் தெரியும். அதற்குள் உங்கள் இ.எம்.ஐ. இருபது வருஷத்துக்கு ஓடத் தொடங்கியிருக்கும்.

அனுமதி இல்லையா? கவலையை விடுங்கள். தமிழ்நாட்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி வரை விதியை மீறிக் கட்டியவர்கள் பணத்தைக் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம். ஒரே ஒரு முறைதான் என்றார்கள். அந்த ஒரே ஒரு முறை 2000-ல் வந்தது, 2001-ல் வந்தது, 2002-லும் வந்தது. 2006-ல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2012-ல் 113-சி வந்தது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் தடுத்தது. 2017-ல் அந்த மனைகளுக்கும் ஒரு வரன்முறைத் திட்டம் வந்து சேர்ந்தது. செய்த பாவத்தைக் காசியில் போய்க் கழுவுவார்கள். கட்டட பாவத்தைக் கழுவ எழும்பூர் வரை போனால் போதும், சலான் அங்கேயே கொடுப்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் கவனியுங்கள். பல மாடி கட்டியவனுக்கு வரன்முறை இருக்கிறது. லேஅவுட் போட்டவனுக்கு வரன்முறை இருக்கிறது. ஓலைக் குடிசைக்காரன் மட்டும் எந்தக் கவுன்ட்டரில் எந்தச் சலானைக் கட்டினாலும் அந்தக் கரையிலேயே இருந்துவிட முடியாது. அவன் செய்த தவறு ஒன்றுதான்: அபராதம் கட்டும் அளவுக்குப் பெரிய குற்றம் செய்யவில்லை.

பாடம் 4: தண்ணீரோடு குடும்பம் நடத்து

குடியேறிவிட்டீர்கள். வாழ்த்துகள். இனி உங்களுக்கு வருஷத்தில் இரண்டே பருவம். தண்ணீர் இல்லாத பருவம், தண்ணீருக்குள் இருக்கும் பருவம்.

முதல் பருவத்தில் போர்வெல் வறண்டுவிடும். மெட்ரோ வாட்டர் லாரிக்கு ஆன்லைனில் பதிவு செய்துவிட்டு வாசலில் நிற்க வேண்டும். தனியார் லாரிக்காரன் போனை எடுத்தால் அது குலதெய்வம் கண் திறந்ததற்குச் சமம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு வெடித்தபோது, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது டேங்கர், இருபத்தைந்து லட்சம் லிட்டர். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த குடத்துத் தண்ணீரை விழா எடுத்து வரவேற்றோம். ஏரிமேல் வீடு கட்டிக்கொண்டு தண்ணீருக்காக ரயில் பார்த்து நின்ற ஜனம் சரித்திரத்தில் நாம்தான்.

இரண்டாம் பருவம் ஐப்பசியில் தொடங்கும். வானிலை மையம் ரெட் அலர்ட் என்று சொன்ன மாலையே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் ஓரமாக வரிசை கட்டிவிடும். போலீஸ் அபராதம் போட்டது என்று ஒரு பேச்சு வரும், போடவே இல்லை என்று மறுப்பும் வரும். இரவு முழுக்க பாலத்தின் மேல் கார்கள் பத்திரமாகத் தூங்கும். பாலத்தின் கீழே குடியிருப்பவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு விழித்திருப்பார்கள். ஒரு நகரம் யாரை முதலில் காப்பாற்றும் என்று தெரிந்துகொள்ள மாஸ்டர் பிளானைப் புரட்ட வேண்டாம். அந்த இரவில் மேம்பாலத்தின் மேலும் கீழும் ஒருமுறை பார்த்தால் போதும்.

சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. பழையதன் மேலேயே போட்டுவிட்டால் வேலையும் சுலபம், பில்லும் சுலபம். அதனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் தெரு ஒரு படி ஏறுகிறது, வீடு ஒரு படி இறங்குகிறது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் உங்கள் தரைத்தளம் அடித்தளமாகியிருக்கும். அதற்கும் வைத்தியம் உண்டு: வீட்டுக்கு அடியில் ஜாக்கி வைத்து மூன்றடி, நாலடி தூக்கித் தருகிறார்கள். அடுத்த முறை ரோடு ஏறும்போது மறுபடியும் தூக்கலாம். இன்னும் சில தேர்தல்களில் வேளச்சேரிக்காரர்கள் பரங்கிமலையோடு நேருக்கு நேர் கண் பார்த்துப் பேசலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது காரப்பாக்கத்தில் சிக்கிய இந்திப் பட உலகின் உச்ச நட்சத்திரம் ஒருவர் மீட்புப் படகில் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. அதே புயலில், வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டடத்துக்காக ஐம்பது அடி ஆழத்துக்குத் தோண்டிய பள்ளம் இடிந்து விழுந்தது. உள்ளே சிக்கிய தொழிலாளர்கள் இரண்டு பேருடைய உடல்களை எடுக்க நாள்கணக்கில் ஆயிற்று. நட்சத்திரம் எந்த நிறத்தில் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டால் பாதி ஊர் பதில் சொல்லும். அந்த இருவரும் யார் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு குடும்ப அட்டைக்கு ஆறாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டோம். அடுத்த டிசம்பர் வரைக்கும் பேச்சு முடிந்தது.

பாடம் 5: சதுப்பு நிலம் என்றால் சும்மா கிடக்கும் நிலம்

தென்சென்னையின் முப்பது சொச்சம் ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் வந்து இளைப்பாறுகிற இடம் பள்ளிக்கரணை. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் சேரும். அறுபது வருஷத்துக்கு முன் ஐயாயிரம் எக்டேருக்கு மேல் இருந்தது என்பார்கள். இப்போது எஞ்சியிருப்பது அதில் ஒரு துண்டு.

அந்த இடத்தை யார் தின்றது என்று கேட்டால் எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்து ஒரு குடிசையைத் தேடுகிறார்கள். கிடைக்காது. மாநகராட்சி பல பத்தாண்டுகள் தன் குப்பையை அங்கேதான் கொட்டி பெருங்குடியில் ஒரு மலையை வளர்த்தது. கடல் தொழில்நுட்பத்தை ஆராயும் தேசிய நிறுவனமும் காற்றாற்றலை ஆராயும் தேசிய நிறுவனமும் அந்தச் சதுப்பில்தான் வளாகம் போட்டிருக்கின்றன. கடலையும் காற்றையும் ஆராய வந்தவர்கள் காலடியில் இருந்த நீரை மட்டும் ஆராயவில்லை. பறக்கும் ரயில் வந்தது, ரேடியல் ரோடு வந்தது, ஐ.டி. பூங்கா வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பல மாடி அபார்ட்மென்ட் வந்தது. எல்லாம் வந்து முடிந்த பிறகு, 2022-ல், மிச்சமிருந்த 1,247 எக்டேருக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். கை தட்டினோம். பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தன; அவற்றுக்கு இரண்டாவது காலை வைக்க இடமில்லை.

அந்தச் சதுப்பின் ஓரத்தில் அரசு இன்னொன்றும் கட்டியது. அதற்கு வருகிறேன். அதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

பாடம் 6: ஏழையாக இருக்காதே

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது அதன் முழக்கம், ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது. 1971-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரில்கூட அகற்றுவதோடு மேம்படுத்துவதும் இருந்தது. அந்தப் பத்தாண்டில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒழுகியது, விரிசல் விட்டது, எல்லாம் உண்மை. ஆனாலும் பிள்ளை அதே பள்ளிக்குப் போனது, அம்மா அதே தெருவில் இட்லி விற்றாள், அப்பன் அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். பிறகு நகருக்குள் நிலத்தின் விலை ஏறியது. இறைவன் தன் இருப்பிடத்தை மாற்றிக்கொண்டான். 2000 வாக்கில் கண்ணகி நகர், அடுத்து செம்மஞ்சேரி, அதற்கப்புறம் பெரும்பாக்கம். 2021-ல் வாரியம் பெயரையும் மாற்றிக்கொண்டது: நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். நகர்ப்புறம் என்பது பெயர்ப்பலகையில் இருக்கிறது. வாழ்விடம் ஊருக்கு வெளியே இருக்கிறது.

எப்படி அனுப்புவார்கள் என்று தெரியுமா? முதலில் ஒருவர் பெயின்ட் டப்பாவோடு வருவார். கதவுக் கதவாக எண் எழுதுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அடுத்து கைரேகை எடுப்பார்கள். கைரேகை வைத்த அன்றே சிலருக்கு ஜுரம் வந்துவிடும். பிறகு ஒருநாள் காலையில் போலீஸ் வேன், குப்பை அள்ளும் லாரி, மஞ்சள் ஜேசிபி மூன்றும் சேர்ந்து வரும். பாத்திரம் பண்டம், கட்டில், டி.வி., ஆட்டுக்குட்டி, பாட்டி எல்லாவற்றையும் அந்த லாரியில்தான் ஏற்ற வேண்டும். 2019 டிசம்பரில் தீவுத்திடல் பக்கம் சத்தியவாணி முத்து நகரை அப்படித்தான் கிளப்பினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாதி வருஷம். ஆறு மாதம் பொறுத்தால் கூவம் எங்கேயும் போய்விடாது. அது நகர்வதே இல்லை என்பதுதானே இந்த ஊரின் நூற்றாண்டுப் பிரச்சினை!

காரணம் என்ன சொன்னார்கள்? நீங்கள் ஆற்றோரம் இருக்கிறீர்கள், வெள்ள அபாயம், உங்கள் உயிரைக் காப்பாற்றுகிறோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடும்பங்களுக்கு இதே பல்லவிதான். சரி, எங்கே கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்? பெரும்பாக்கத்தில். பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில். இருபதாயிரத்துக்கும் மேல் வீடுகள், தரைத்தளத்தோடு எட்டு அடுக்கு, வரிசை வரிசையாக ஒரே முகம். 2015-ல் செம்மஞ்சேரியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. 2023-ல் பெரும்பாக்கத்தைத் தண்ணீர் சூழ்ந்தது. ஆற்றங்கரையில் வெள்ளம் வரும் என்று தூக்கிப்போய் ஏரியின் வாயில் வைத்த கருணையை எந்த மொழியில் புகழ்வது?

பெரும்பாக்கத்திலிருந்து மந்தைவெளிக்குச் சமையல் வேலைக்கு வரும் ஓர் அக்காவைத் தெரியும். விடியுமுன் எழுந்து, லிஃப்ட் ஓடாத நாளில் ஆறு மாடியை இருட்டில் தடவித் தடவி இறங்கி, வெள்ளை போர்டு பஸ்ஸுக்காக நிற்பார். டிக்கெட் இலவசம்தான், நேரம் இலவசமில்லை. ஒரு கையில் டிபன் டப்பா, இன்னொரு கையில் செருப்பு. மழைநாளில் செருப்பு அறுந்தால் வேறு வாங்க வேண்டுமே. வேலை செய்யும் வீட்டு வாசலில் காலைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னது இது:

"முன்ன ஊருக்குள்ள இருந்தப்ப நாலு வூடு செஞ்சேன். நடந்தே வந்து, நடந்தே பூடுவேன். புள்ள ஸ்கூல் வுட்டு வரும்போது நா வூட்ல இருப்பேன். இப்ப ரெண்டு வூடுதான். பாதிப் பொழுது பஸ்லயே பூடுது. புது வூட்ல அட்ரஸ் கேட்டாங்கன்னா பெரும்பாக்கம்னு சொல்ல மாட்டேன். மேடவாக்கம் பக்கத்துலன்னு சொல்லிடுவேன். பெரும்பாக்கம்னா வேலை குடுக்க மாட்டாங்க, லோனும் குடுக்க மாட்டான். போன மழைல கீழ்வூட்டுக்காரங்க அத்தினி பேரும் எங்க மாடி வராண்டாலதான் படுத்தாங்க. வெள்ளம் வர்ற எடம்னு சொல்லித்தான எங்கள இட்டாந்தாங்க? அப்ப இங்க இன்னாத்துக்கு வெள்ளம் வருது?"

இந்தக் கேள்விக்கு எந்த அமைச்சரும் எந்தச் செயலாளரும் எந்த நிபுணர் குழுவும் இன்றுவரை பதில் சொல்லவில்லை. இத்தனை வாரியம், இத்தனை அறக்கட்டளை, இத்தனை உலக வங்கிக் கடன், இத்தனை கோடியில் மழைநீர் வடிகால். ஆறு மாடி இறங்கி வரும் ஒரு பெண்ணின் ஒற்றை வரிக் கேள்விக்கு வாயைத் திறக்க ஒருவருக்கும் யோக்கியதை இல்லை.

கண்ணகி நகர் என்று பெயர் வைத்த புண்ணியவானையும் சும்மா விடக் கூடாது. நீதி கேட்டு ஒரு நகரத்தையே எரித்தவள் அவள். அவள் பெயரைக் கொண்டுபோய், நீதி கேட்கவே வழியில்லாமல் நகரத்திலிருந்து வீசப்பட்டவர்களின் பேட்டைக்கு வைத்தார்கள். இடிப்பது இளங்கோ தெரு, குவிப்பது கண்ணகி நகர். சிலப்பதிகாரத்தை இப்படித் தலைகீழாகப் படித்த அரசுகள் வேறெங்கும் இல்லை. மெரினாவில் அவளுக்கு 1968-ல் வைத்த சிலை இருக்கிறதே, அதையும் ஒருமுறை கிளப்பினார்கள். 2001 டிசம்பரில் லாரி மோதியதைக் காரணம் காட்டி எடுத்துப்போனார்கள். ஊரே கொந்தளித்தது, தமிழினத்தின் மானம் போச்சு என்று மேடைமேடையாகப் பேசினார்கள். 2006-ல் ஆட்சி மாறியதும் அதே கடற்கரையில் திரும்ப நிறுத்தினார்கள். சரியான காரியம்தான். வெண்கலக் கண்ணகிக்கு ஐந்து வருஷத்தில் பழைய இடம் கிடைத்துவிட்டது. கண்ணகி நகரின் சதையும் ரத்தமுமான கண்ணகிகளுக்காக எந்த மேடையும் கொந்தளிக்கவில்லை. ஒரு குடும்பமாவது கரைக்குத் திரும்பியதா?

திரும்பவில்லை. பதிலாக 2020-ல் அவர்களுடைய சுவரில் படம் வரைந்தார்கள். அடுக்குமாடியின் பக்கச் சுவர் முழுக்க பெரிய பெரிய முகங்கள், வண்ண வண்ணமாக. ஓவியர்களை நான் குறை சொல்லவில்லை. படங்கள் நன்றாகவே இருக்கின்றன. காரில் வந்து இறங்கி, அந்தச் சுவரின் முன் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். சுவருக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்க்க அந்தக் காரில் யாருக்கும் நேரமில்லை.

படித்தது போதும், தேர்வு

ஆறு பாடங்களையும் சேர்த்துப் படித்தால் விளங்குவது ஒன்றே. இந்த நகரத்தில் நீர்நிலையில் குடியேறுவது குற்றமே இல்லை. ரயில் குடியேறலாம், விமானம் குடியேறலாம், குப்பை குடியேறலாம், ஆராய்ச்சி குடியேறலாம், நீங்களும் நானும் வங்கிக் கடனோடு குடியேறலாம். பணமில்லாமல் குடியேறுவது மட்டும்தான் குற்றம். வீடு கட்ட வேண்டிய கூலிக்காரன், வீட்டு வேலைக்கு வேண்டிய பெண், சாக்கடை அள்ள வேண்டிய மனிதன் எல்லோரும் இந்த ஊருக்குப் பகலில் தேவைப்படுகிறார்கள். இரவில் அவர்கள் கண்ணில் படக் கூடாது.

நடைபாதைவாசிகளின் பிழைப்பும் அவர்கள் உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1985-ல். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது 2007-ல். இரண்டும் புத்தகத்தில் இருக்கின்றன. ஒன்றை ஏழைக்குச் சாதகமாக எடுப்பதே இல்லை; மற்றொன்றை ஏழைக்கு எதிராக மட்டுமே எடுக்கிறார்கள்.

ஏரி, ஆறு, சதுப்பு மூன்றையும் மீட்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தாராளமாக மீட்கட்டும். அந்தப் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வரட்டும். முதல் எண்ணை அரசுக் கட்டடங்களின் கதவில் எழுதட்டும். அடுத்த எண்ணைச் சதுப்பில் எழும்பிய கண்ணாடிக் கோபுரங்களில் எழுதட்டும். அதற்கடுத்து நம் அபார்ட்மென்ட் கேட்டுக்கு வரட்டும். நலச்சங்கத் தலைவரையும் கைரேகை வைக்கச் சொல்லட்டும். எல்லாக் கதவிலும் எழுதி முடித்த பிறகு, டப்பாவில் பெயின்ட் மிச்சமிருந்தால், ஆற்றங்கரைக் குடிசைக்குப் போகட்டும். அவர்களுக்கும் அதே பேட்டையில், நடந்து போகும் தூரத்தில் வீடு கட்டிச் சாவியைக் கையில் கொடுத்த பிறகே கூரையில் கை வைக்கட்டும்.

இந்த வரிசையில் நடந்தால் அதைச் சட்டம் என்று ஒப்புக்கொள்வேன். இப்போது நடப்பது, சீருடை போட்ட அடாவடி. அதற்கு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நீச்சல் குளத்தோரம் உட்கார்ந்திருக்கும் நாமும் அந்த ஜேசிபியின் ஓட்டுநர்கள்தான்.